பேர் சொல்லாத ஜெபம்

என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் மைக் கெட்டுப்போனால் என்னைத்தான் ஜெபிக்கக் கூப்பிடுவார்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் எல்லையோரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புழங்கும் ஊர்களில், இருபத்தைந்து வருடமாக நான் சபையின் ஊழியக்காரி. செவ்வாய் பெருங்கடவிளை, வியாழன் கள்ளிக்காடு, மற்ற நாட்களில் யார் கூப்பிடுகிறார்களோ அங்கே. பையில் தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக இரண்டு வேதாகமம், ஒரு குடை, தண்ணீர்க் குப்பி. பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே பக்கத்தில் நிற்பவரின் குடும்ப நலத்தை விசாரித்து முடித்துவிடுவேன்.

எல்லா வீடும் கேட்டைத் திறப்பதில்லை. கள்ளிக்காட்டில் ஓர் இந்து வீட்டம்மா முதல் நாளே கறாராகச் சொன்னாள்: "உங்க சாமியப் பத்தி பேசண்டாம். சாயா குடிச்சிட்டுப் போங்க." குடித்துவிட்டு வந்தேன். ஆறேழு மாதம் சாயா மட்டும்தான். பிறகு அவள் கணவர் பக்கவாதத்தில் விழுந்தபோது, அவரைத் தூக்கிக் குளிப்பாட்ட ஒரு கை வேண்டும் என்று என்னைத்தான் போனில் அழைத்தாள். இன்றுவரை அவள் எங்கள் சபைக்கு வந்ததில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, வெட்கம் கிடையாது. சாயா இப்போதும் நன்றாகவே போடுகிறாள்.

எனக்கு ஒரே மகள். அவள் நடை பழகியதே அடுத்தவர் முற்றங்களில்தான். நான் வசனம் சொல்லிக்கொண்டிருக்கும்போது யார் வீட்டுப் பாயிலாவது தூங்கிப்போவாள். பெரியவளானதும் ஒருநாள், "ஊருக்கெல்லாம் நீ அம்மா, எனக்கு மட்டும் சண்டே ஸ்கூல் டீச்சராக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டு ஜெபக்கூட்டங்களில் ஒரு முறை உண்டு. பாட்டு முடிந்ததும் "ஜெபக்குறிப்பு உண்டா?" என்று கேட்போம். அவரவர் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வார்கள், அதற்காக எல்லோரும் ஜெபிப்போம். வெளியே சொல்லக் கூடாத விஷயமென்றால் பேரை விட்டுவிட்டு, "உம்முடைய அடியாள் ஒருத்தி" என்று தொடங்குவோம். கர்த்தரிடம்தானே பேசுகிறோம், இது புறம் பேசுவதாகாது என்பது எங்கள் நியாயம். இந்தப் பேர் சொல்லாத ஜெபத்தில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது.

கல்யாணமாகி மூன்று வருடத்தில் மகளுக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்தது. முதல் முறை கலைந்ததைக்கூட எங்களைத் தவிர யாருக்கும் அவள் சொல்லியிருக்கவில்லை. என் மடியில் தலைவைத்து அழுதுவிட்டு, "அம்மா, ஆரிட்டயும் சொல்லப்பிடாது" என்றாள். "சொல்லமாட்டேன் மக்கா" என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னேன். அது செவ்வாய்க்கிழமைக்கு முந்தின நாள்.

மறுநாள் பெருங்கடவிளையில் கண்ணை மூடியதும் மனம் தாங்கவில்லை. "கர்த்தாவே, உம்முடைய அடியாள் ஒருத்தி, நெய்யாற்றின்கரையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறவள், லேபில் ரத்தம் எடுக்கிற வேலை செய்கிறவள், இரண்டு தடவை கர்ப்பம் கலைந்து கண்ணீரோடு இருக்கிறாளே" என்று உருகி உருகி ஜெபித்தேன். கர்த்தருக்கு மாடி எண் எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அன்றைக்கு வர முடியாதவர்களுக்காக வழக்கம்போல ஒரு சகோதரி அதை ஃபோனில் பதிவுசெய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். கைபேசியில் என் குரல் இன்னும் கணீரென்று இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை மகளின் வாசலில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸுமாக ஆறு பெண்கள் நின்றார்கள். அடுத்த நாள் லேபில் ரத்தப் பரிசோதனைக்கு வந்த ஒருத்தி, ஊசி கையில் ஏறிக்கொண்டிருக்கும்போதே, "கரயண்டா மோளே, தெய்வம் தரும்" என்று இவளுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள்.

அன்று மாலையே மகள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"நான் பேரு சொல்லல்லியே மக்கா" என்றேன். நிஜமாகவே அதைப் பெரிய நியாயமாக நினைத்துத்தான் சொன்னேன்.

"பேரு மட்டும்தான் நீ சொல்லல்ல. இனி எனக்க காரியம் எதாவது உண்டெங்கில் நானே கர்த்தருட்ட நேரா சொல்லிக்கிடுவேன். நடுவுல நீ வேண்டாம்."

கர்த்தருக்கும் மனுஷருக்கும் நடுவே மத்தியஸ்தர் இயேசு ஒருவரே என்று வீடு வீடாகச் சொல்லித் திரிகிறவள் நான். அது எனக்கு நன்றாகவே உறைத்தது. உறைத்ததும் கோபம்தான் வந்தது. "ஜெபிச்சது குத்தமாக்கும்?" என்று அவள் படியிறங்கும்போது கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒரு வாரம் அவளைக் கூப்பிடாமல் வீம்பாக இருந்தேன். பிறகு வீம்பு போய் வெட்கம் வந்தது. போனில் மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்றாள். மீன் என்ன விலை என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மீன் விலைதான். தினமும் கூப்பிடுவாள், மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லக்கூடியதைத்தான் என்னிடமும் சொன்னாள். அவள் மறுபடி உண்டானால் எனக்குச் சொல்வாளா என்பதுதான் என் பயம். எத்தனையோ வீட்டுப் பிரசவத்துக்குக் கூட நின்றவள் நான். என் மகள் வலியில் கிடக்கும்போது அது எனக்குத் தெரியாமல் எந்த வீட்டிலோ பாடிக்கொண்டிருப்பேனோ என்று நினைத்துப் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன்.

கூட்டங்களில் முறையை மாற்றினேன். "சொல்ல விருப்பமில்லாதவங்க கைய மட்டும் தூக்குங்க, போதும். பதிவு செய்யண்டாம்" என்றேன்.

பெருங்கடவிளைக் கூட்டத்தைக் கூட்டிச் சேர்க்கிற சகோதரிக்கு அது பிடிக்கவில்லை. "அக்கா, விவரம் தெரியாம எப்பிடி பாரத்தோட ஜெபிக்க?"

"அவருக்கு விவரம் தெரியும். உனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போவுது?"

நாலைந்து பேர் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். விவரம் கிடைக்கிற வேறு கூட்டம் பார்த்திருப்பார்கள். போகட்டும் என்று விட்டேன்.

ஒரு வியாழக்கிழமை காலை, கள்ளிக்காட்டுக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியின் பேரைச் சொல்லி, "வரப் பற்றுமா? ஒண்ணும் கேக்காத" என்றாள். "இதா வாறேன்" என்று மட்டும் சொன்னேன். வழியெல்லாம் வாயை இறுக்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே வரிசை நாற்காலியில் இருந்தாள். துப்பட்டாவை வயிற்றின்மேல் விரித்திருந்தாள். ஆஸ்பத்திரி வாடைக்கே தலைசுற்றும் என் மருமகன் தூரத்தில் படிக்கட்டருகே நின்றார். "நாலு மாசம் கழிஞ்சுது" என்றாள். "காலைல கொஞ்சம் ரத்தம் கண்டுது." நாலு மாதம். ஒவ்வொரு நாளும் என்னோடு பேசியிருக்கிறாள். எனக்கு அழுகை முட்டியது, கோபம் வரவில்லை.

அப்போது பார்த்து பெருங்கடவிளைச் சகோதரி எதிரே வந்தாள். யாருக்கோ மருந்து வாங்க வந்தவள். எங்கள் இருவரையும் பார்த்தாள், துப்பட்டாவைப் பார்த்தாள், ஸ்கேன் அறைப் பலகையைப் பார்த்தாள். "என்னக்கா, விசேஷம் உண்டா?"

எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் செய்தியும்தான், கர்ப்பமும்தான். நான் பொய் சொல்கிறவள் இல்லை. "எனக்கு முட்டுவேதன உண்டு, உனக்குத் தெரியாதா? படி ஏற முடியல்ல" என்றேன். முட்டுவலி எனக்குப் பத்து வருடமாக இருக்கிறது. அதை விவரமாகவே சொன்னேன், தேய்க்கிற எண்ணெய், முட்டில் கட்டுகிற பட்டை, டாக்டர் சொன்னது எல்லாம். அவளுக்கே அலுத்துப்போய், "ஜெபிக்கிறேன் அக்கா" என்று சொல்லிக் கிளம்பினாள்.

மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். "ஜெபிம்மா."

நான் வாய் திறக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக் கண்ணை மூடினேன். பழக்கதோஷத்தில் மனதுக்குள் "உம்முடைய அடியாள்" என்று தொடங்கி, நிறுத்தி, என் பிள்ளை, என் பிள்ளை என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. நான் கையை இறுக்கியபோது அவள் சத்தமாக "ஆமென்" என்றாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்ஸ் பேர் கூப்பிட்டு, ஒருவர் கூட வரலாம் என்றாள். மகள் எழுந்து படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள், பிறகு என் முழங்கையைப் பிடித்தாள்.

உள்ளே டாக்டர் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பி, "ஹார்ட் பீட் நல்லா உண்டு. ரத்தம் நின்னுடும், ரெஸ்ட் எடுத்தா போதும்" என்றார். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மகள் படுத்தபடியே முகத்தைத் திருப்பினாள்.

"அவரு வெளிய பயந்திட்டு நிப்பாரு. நீ போயி சொல்லு" என்றாள். "அவருட்ட மட்டும்."

கதவைத் திறந்து அத்தனை பேரையும் கடந்து படிக்கட்டுக்குப் போனேன். மருமகனின் காதருகே போய்ச் சொன்னேன்.

"என்ன மாமி? கேக்கல்ல" என்றார்.

அதே தாழ்ந்த குரலில் இன்னொரு முறை சொன்னேன்.