படுத்துக்கொண்டு போக ஓர் இருக்கை

விமான டிக்கெட் விற்பவனிடம் எல்லாரும் முதலில் விலை கேட்பார்கள், விலையைச் சொன்ன பிறகு குரலைத் தாழ்த்தி, "முன்னுக்கு ஒரு சீற் எடுத்துத் தர ஏலாதோ?" என்பார்கள்.

லண்டன் வால்தம்ஸ்டோவில் ஒரு நகைக்கடைக்கும் ஒரு முடிதிருத்தும் கடைக்கும் நடுவில் என் டிராவல்ஸ் கடை இருக்கிறது. இதை வாசிக்கிற உங்கள் பணப்பையிலும் ஏதாவதொரு விமானக் கம்பனியின் மைல் அட்டை இருக்கும். அதில் சேர்ந்திருக்கும் புள்ளிகளைக் கொண்டு என்றாவது ஒருநாள் திரைக்கு அப்பால் இருக்கும் அகன்ற இருக்கையில் கால் நீட்டலாம் என்று நீங்களும் நினைத்திருப்பீர்கள். எந்தக் கம்பனியின் திட்டத்தில் சேர்ந்தால் அது கைகூடும் என்று சொல்வது என் தொழில். அந்த ஆலோசனையை நான் எவ்வளவு நம்பினேன் என்று இந்த வயதில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பதில் அடிக்கடி மாறுகிறது.

ஐந்து கோயில் நேர்த்தி

சிவபாதம் அண்ணை இங்கே லண்டனிலேயே எட்மண்டனில் இருக்கிறார். பேக்கரியில் ஷிப்ட் வேலை. ஒருநாள் வந்து, சீட்டாடுபவர்போல ஐந்து அட்டைகளை என் மேசையில் விரித்தார். ஐந்தும் ஐந்து விமானக் கம்பனிகள். கனடாவில் கலியாணம், சென்னையில் மாமியாருக்குச் சுகமில்லை, சமாதான காலத்தில் ஒருமுறை கொழும்பு என்று எப்போதெல்லாம் பயணம் வந்ததோ அப்போதெல்லாம் எது மலிவோ அதில் ஏறியிருக்கிறார். ஏறிய ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை. நம்மவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

அவருக்கு அந்த இருக்கை சொகுசுக்கு அல்ல. மனைவி மங்கையர்க்கரசிக்கு முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. நெடுநேரம் உட்கார முடியாது. படுத்துக்கொண்டு போகலாமென்றால் மட்டும் பயணம் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மங்கையர்க்கரசியின் ஒரே அண்ணன் சிட்னியில். சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் பல நாட்கள் ஆஸ்பத்திரி இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கிறார். அவராலும் வர முடியாது. நாட்டைவிட்டு ஆளுக்கொரு திசையில் புறப்பட்டபின் இருவரும் சந்திக்கவே இல்லை. முன்வரிசை டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்குவது பேக்கரிச் சம்பளத்துக்கு நடக்கிற காரியமல்ல.

நான் ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தேன். மலிவு டிக்கெட்டுக்குப் புள்ளி பாதிதான் விழும், சிலதில் விழவே விழாது. எல்லாம் ஒரே கம்பனியில் இருந்திருந்தால்கூடப் போதாது; ஐந்தாகச் சிதறியதில் எதுவுமே இல்லை. அதைச் சொன்னதும் அவர் அட்டைகளைத் திரும்ப அடுக்கினார்.

"அஞ்சு கோயிலுக்கும் நேர்த்தி வைச்சன் தம்பி. ஒவ்வொரு சாமியும் மற்றச் சாமி பாத்துக்கொள்ளும் எண்டு இருந்திட்டுது."

கோட்டும் சூட்டும்

போகும்போது, கோட்டுச் சூட்டுப் போட்டுக்கொண்டு போனால் விமான நிலையத்திலேயே முன்னுக்கு மாற்றிவிடுவார்களாமே, உண்மையா என்று கேட்டார். பிளேஸ்டோவில் இருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவரின் கதையைச் சொன்னேன். அவர் கணக்காளர். கந்தசஷ்டி விரத நாட்களில் கொழும்புக்குப் பயணம். மகனின் கலியாணத்துக்குத் தைத்த சூட்டை மாட்டிக்கொண்டு, மனைவி "மாப்பிள்ளை வாறார்" என்று பகிடி பண்ணப் பண்ணப் புறப்பட்டார்.

அன்று உண்மையிலேயே பின்பக்கம் ஆள் நிறைந்து, சிலரை முன்னுக்கு அனுப்ப வேண்டி வந்திருக்கிறது. சூட்டைப் பார்த்தார்களோ அட்டையைப் பார்த்தார்களோ, இவர் பெயரைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் இவர் பெயரில் சைவச் சாப்பாடு சொல்லிவைத்திருந்தது. அது பின்பக்க வண்டிலில் ஏற்றப்பட்டுவிட்டது. முன்பக்கத்தில் கடைசி நேரத்தில் தேட முடியாது. ஆகவே சாப்பாட்டில் வில்லங்கம் இல்லாத அடுத்தவரை அழைத்துவிட்டார்கள். அங்கே வேலைசெய்யும் பையன் ஒருவன் பிறகு எனக்குச் சொன்னான். நான் அவருக்குச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தோன்றியது.

"விரதகாரனுக்குத் தேத்தண்ணியே போதும் எண்டு சொல்லியிருப்பன். என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே."

பெட்டிக்காரர்

எல்லாருக்கும் இருக்கைதான் வேண்டும் என்று நினைத்தால் அதுவும் பிழை. ஒரு தாதி அக்கா, ஆஸ்பத்திரி உடுப்போடு இடைவேளையில் ஓடிவருவார். எந்தத் திட்டத்தில் சேரலாம் என்று கேட்டார். நான் இருக்கையின் அகலம், சாயும் அளவு, காத்திருக்கும் அறை, கொடுக்கும் செருப்பு என்று எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடிக்கடி பறப்பவருக்குக் கொடுக்கும் வெள்ளி அட்டை கிடைத்தால் எந்தக் கம்பனி கூடுதல் பெட்டி விடும் என்றார்.

ஆக மோசமான இருக்கை உள்ள கம்பனிதான் பெட்டி விஷயத்தில் தாராளம். அதையே எழுதச் சொன்னார். நான் தயங்கினேன். முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கும் என்றேன்.

"நான் இருக்கிறது ஒரு ராத்திரி தம்பி. பெட்டிக்குள்ள இருக்கிற உடுப்பு ஊரில மூண்டு வீட்டுக்கு வருசக் கணக்கில ஓடும்."

காலாவதி

இராஜன் மலேசியாக்காரர், ஈப்போ. இங்கே படிக்க வந்து பொறியாளராகித் தங்கிவிட்டார். கம்பனி வேலையாக அடிக்கடி பறப்பார். டிக்கெட் கம்பனியுடையது, புள்ளி அவருடையது. தங்க அட்டை வைத்திருக்கும் ஆள் என் கடைக்கு வருவதே அபூர்வம். அவருடைய திட்டத்தில் ஒரு குறை உண்டு: சில ஆண்டுகளில் பாவிக்காத புள்ளிகள் செத்துவிடும். ஒரு நிறையும் உண்டு: தான் விரும்பிய ஆளுக்குக் கொடுக்கலாம், சொந்தக்காரராக இருக்க வேண்டுமென்றில்லை.

ஒவ்வொரு டிசம்பரும் ஒரு பங்கு காலாவதியாகும். ஒவ்வொரு டிசம்பரும் நான் போன் பண்ணுவேன். "போகட்டும்ணே" என்பார். பணக்காரத் திமிர் என்று நினைத்தேன். ஒருநாள் நேரில் வந்தபோது, நீங்களே முன்னுக்குப் போய் உட்காரலாமே, ஊருக்குப் போகும்போதுகூடப் பின்னால்தானே போகிறீர்கள் என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன்.

அவர் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அம்மாவை இங்கே ஒருமுறை கூட்டிவரத்தான் இந்தத் திட்டத்தையே தேர்ந்தெடுத்தாராம். அம்மாவுக்குக் கால் வீங்கும். படுத்துக்கொண்டு வரட்டும் என்று சேர்த்திருக்கிறார். கேட்கும்போதெல்லாம் அடுத்த வருடம் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போன அம்மா, ஒரு வருடம் இல்லாமலே போய்விட்டார்.

"அது அம்மா சீட்டுண்ணே. அதுல நான் எப்படிப் போய் உக்கார்றது?"

கேட்பதா, விடுவதா

ஒரு வாடிக்கையாளரின் சங்கதியை இன்னொருவரிடம் கதைக்கக்கூடாது என்பது என் கடையின் சட்டம். யார் யாரைப் பார்க்கப் போகிறார்கள், யார் யாருக்குச் சொல்லாமல் போகிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தால் கடையை மூடவேண்டும். இராஜனின் புள்ளிகள் சாகப்போகின்றன. மங்கை அக்கா படுத்தால்தான் சிட்னிக்குப் போகலாம். இரண்டும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நான் வாயைத் திறந்தால் அது உதவியா, ஒரு மனிதனின் துக்கத்துக்குள் கையை விடுவதா? பல நாள் யோசித்தேன். யோசித்தது நல்ல மனத்தாலா, பயத்தாலா என்றும் யோசித்தேன்.

கடைசியில் பெயர் சொல்லாமல் மங்கை அக்காவின் நிலையை இராஜனிடம் சொன்னேன். அவர் மறுத்தால் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தேன். அவர் கோபிக்கவுமில்லை, நெகிழவுமில்லை. அலுவலகத்தில் ஒரு வரைபடத்தைப் பார்ப்பதுபோல என் கணினித் திரையைப் பார்த்தார். போகவரப் புள்ளி போதும். ஆனால் டிக்கெட்டைக் கொஞ்சம் விலை கூடிய வகுப்பில் எடுக்கவேண்டும், மலிவு டிக்கெட்டை முன்னுக்கு மாற்ற விடமாட்டார்கள் என்று விளக்கினேன். தலையாட்டினார். பிறகு அந்த அம்மா சைவமா என்று கேட்டார். ஓம் என்றேன்.

"அப்ப சாப்பாட்ட இப்பவே சொல்லிடுங்கண்ணே, முன்னால உள்ளதுக்கே. எங்கம்மா வழியெல்லாம் பட்டினியா வருவாங்களேன்னுதான் எனக்கு எப்பவும் பயம்."

சிவபாதம் அண்ணையின் மறுப்பு

நான் எதிர்பார்க்காதது இதுதான். சிவபாதம் அண்ணை மாட்டேன் என்றுவிட்டார். மனைவியையும் அழைத்துவந்திருந்தார்; அவர் என் கடையில் உட்காராமல் சுவரில் சாய்ந்து நின்றார். "ஆற்றையோ புள்ளியில என்ரை மனிசி படுத்துக்கொண்டு போறதோ? ஆள் ஆரெண்டே தெரியாது. திருப்பிக் குடுக்கவும் ஏலாது. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?" விலை கூடிய டிக்கெட்டுக்கு மேலதிக ஷிப்ட் செய்யத் தயார், ஆனால் தெரியாத ஒருவரிடம் தானம் வாங்கமாட்டார். அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெனிபிட் என்கிற அரசாங்க உதவிப்பணம் ஒன்றுக்கும் கை நீட்டாமல் இந்த ஊரில் இத்தனை காலம் ஓட்டிய மனிதர்.

புள்ளிகள் எதற்காகச் சேர்ந்தவை என்று அப்போதுதான் சொன்னேன். சொல்ல எனக்கு இராஜன் அனுமதி தந்திருந்தார். அண்ணை நிலத்தைப் பார்த்தார். இன்னும் மறுக்கத்தான் வாயெடுத்தார். மங்கை அக்கா சுவரை விட்டு நிமிர்ந்தார்.

"தாயின்ரை திவசத்துக்குச் சாப்பிட வா எண்டு ஒரு பிள்ளை கூப்பிட்டால் மாட்டன் எண்டு சொல்லுறேல்லை. இதுவும் அப்பிடித்தான். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ, நான் போறன்."

இரண்டு வண்டில்கள்

போனார்கள். அக்கா முன்னால் படுத்துக்கொண்டும், அண்ணை மிக மலிவான டிக்கெட்டில் கடைசி வரிசையில், கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும். திரும்பி வந்ததும் இருவரும் கடைக்கு வந்தார்கள். இராஜனையும் வரச்சொல்லியிருந்தேன். ஒருவரையொருவர் என்ன முறை சொல்லி அழைப்பது என்று மூவருக்கும் தெரியவில்லை.

அண்ணைதான் தொடங்கினார். சிட்னி விமான நிலையத்தில் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வெளியே அக்காவின் அண்ணனையும் ஒரு சக்கர நாற்காலியில் வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். "ரெண்டு வண்டிலும் சில்லோட சில்லு முட்டிக்கொண்டு நிண்டுட்டுது தம்பி. கட்டிப்பிடிக்க ஏலேல்லை. கையை எட்டிப் பிடிச்சுக்கொண்டு இருந்தினம். சனம் விலகிப் போகுது. ஒருத்தரும் அழேல்லை. கனநேரத்துக்குப் பிறகு இவவின்ரை தமையன் கேட்ட முதல் கேள்வி, 'வழியில நித்திரை கொண்டனியோ பிள்ளை?'"

இராஜன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் அக்காவிடம் கேட்டேன். அவர் இராஜனைப் பார்த்துச் சொன்னார்.

"'ஓம் அண்ணை, ஒரு அம்மா இடம் விட்டவ' எண்டு சொன்னனான்."

எந்தத் திட்டத்தில் சேர்ந்தால் முன்னிருக்கை நிச்சயம் என்று இன்றும் கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்து அது ஒரே ஒருமுறை நிச்சயமாகக் கிடைத்தது, அதுவும் அந்தத் திட்டத்தில் சேராத ஒருவருக்கு.