இரண்டு கிளைகளில் ஒரே ஆள்

பாறசாலையில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். பகலில் யார் கூப்பிட்டாலும் எனக்கு எரிச்சல்தான் வரும். அன்று கூப்பிட்டது அண்ணன். நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் அண்ணியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள்.

"மக்கா, ரத்தம் நெறைய போச்சு. ஓ நெகட்டிவ் வேணும், இங்க இல்லையாம். உனக்க ஆப்புல ஆள் உண்டா?"

அது நான் எங்கள் பக்கத்து ஆட்களுக்காகச் செய்த ரத்ததான ஆப். பதிகிறவர்களின் பதில்களை டேட்டாபேஸில் ஜேசன் என்ற வடிவில், தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று என்று கிளை கிளையாகச் சேமித்திருந்தேன். -> என்று போட்டால் ஒரு கிளைக்குள் நுழையலாம். ->> என்று போட்டால் அங்கே இருப்பதை எழுத்தாகவே பறித்துத் தரும். மலையாளக் கிளைக்குள் போய் ரத்த வகையும் போன் எண்ணும் கேட்டேன். ஒருவரும் இல்லை. தமிழ்க் கிளையிலும் இல்லை.

நாசமாய்ப் போக! தனுவச்சபுரம் ரத்ததான முகாமில் காரோடு ஊர்க்கார அக்கா ஒருத்தி, ஓ நெகட்டிவ், என் பக்கத்தில் உட்கார்ந்துதானே பதிந்தாள்? அண்ணியை நினைத்து அழுகை வந்தது.

அவள் பதிந்த விதத்தை மனதில் ஓட்டிப் பார்த்தேன். போன் எண் வரை தமிழில் அடித்தாள். பிறகு மொழிப் பொத்தானைத் தட்டி மலையாளத்துக்குத் தாவினாள். இங்கே பேச்சே அப்படித்தான். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடியும். நானும் அப்படித்தான் பேசுகிறேன். ஆப் செய்யும்போது மட்டும் ஓர் ஆளுக்கு ஒரு மொழி என்று வைத்துவிட்டேன், என் மண்டை! அவள் எண் தமிழ்க் கிளையில், ரத்த வகை மலையாளக் கிளையில். இரண்டையும் ஒரே கிளையில் தேடினால் எப்படிக் கிடைப்பாள்?

தேடும் பாதையில் மொழியின் பெயரை அழித்து நட்சத்திரக் குறி போட்டேன். எந்தக் கிளையானாலும் சரி என்று அதற்கு அர்த்தம். மூன்று பேர் வந்தார்கள், மூவரும் பாதியில் மொழி மாறியவர்கள். முதலில் அந்த அக்காவைப் போனில் அழைத்தேன்.

"உங்க அண்ணிக்கா? இதா, எறங்கியாச்சு. ஆட்டோ பிடிச்சு வாறேன்."

நானும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்கா ரத்தம் கொடுத்தாள்; இருட்டுவதற்குள் அண்ணி கண் திறந்தாள். பெண் குழந்தை. அண்ணன் அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவள் கூச்சத்தோடு கையை விடுவித்துக்கொண்டு, என்னைத் தனியே அழைத்தாள்.

"எனக்க மவளுக்கும் இதே ரத்தமாக்கும். அவளுக்கு இது அஞ்சாம் மாசம். என்னைய விட்டா வேற ஆளு உண்டா மக்கா?"

"உண்டு அக்கா. இன்னும் ரெண்டு பேரு உண்டு."

அதுவரை தைரியமாக நின்றவள், பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.