குதிரை வருஷத்தில் கூட்டாத வாசல்

"17.02.2026, செவ்வாய். அமாவாசை. சீனர்களின் குதிரை வருஷம் பிறந்தது. அக்கா வாசல் கூட்டவில்லை. என் மனைவி எங்கள் எல்லை வரை கூட்டி அங்கேயே நிறுத்திவிட்டாள். காலை எட்டு மணிக்குள் மூன்று பேர் வந்து, தவறிவிட்டது யார் என்று விசாரித்துப் போனார்கள்."

என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. அவர்கள் விசாரித்ததில் தப்பில்லை. புளத்கொகுபிட்டியப் பக்கம் அக்காவும் நாங்களும் அடுத்தடுத்துக் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே முழுக்க றப்பர். பெப்ரவரியில் அந்த மரங்கள் இலையைக் கொட்டத் தொடங்கினால் விடிவதற்குள் வாசல் மறைந்துவிடும். அப்படிப்பட்ட மாதத்தில் ஒரு வீட்டு வாசல் கூட்டாமல் கிடந்தால், உள்ளே பிணம் கிடக்கிறது என்றுதான் எங்கள் சனம் எடுத்துக்கொள்ளும். வந்தவர்களில் ஒருவர் சாவு வீட்டுக்கென்று வெற்றிலைகூடக் கொண்டுவந்திருந்தார்.

அக்கா பதினான்கு வருஷம் சிங்கப்பூரில் ஒரே சீன வீட்டில் வேலை செய்தவள். திரும்பி வந்தபோது இரண்டு சூட்கேசும் ஒரு புதுவருஷமும் கொண்டுவந்தாள். எங்களுக்கு ஏற்கெனவே தைப்பொங்கல் உண்டு, சித்திரை உண்டு. இடையில் இது மூன்றாவதாக வந்து உட்கார்ந்துகொண்டது. முந்தின நாளுக்குள் வீட்டைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். பிறந்த அன்று விளக்குமாற்றைத் தொடக்கூடாது, வந்த அதிர்ஷ்டத்தைக் கூட்டித் தள்ளிவிடுவோமாம். தலை குளிக்கக்கூடாது. கத்தி, கத்தரிக்கோல் எடுக்கக்கூடாது. ஆரஞ்சுத் தோடம்பழத்தை இரண்டு இரண்டாகத்தான் கொடுக்க வேண்டும்.

"மரக்கறியாவது வெட்டலாமா அண்ணி?" என்று என் மனைவி கேட்டாள்.

"நேத்தே வெட்டி வச்சிட்டேன்."

"அப்ப சாமிகிட்ட கேட்டு இந்த இலையையும் நேத்தே கொட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

அக்கா சிரித்துவிட்டு ஆளுக்கு இரண்டு தோடம்பழம் கொடுத்தாள். எனக்கு உரியதை எனக்குப் பக்கத்தில் இருந்த கதவு நிலையிடம் நீட்டினாள். அதற்கு நாங்கள் சிரிக்கவில்லை.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் மிச்சம். வலது கண்ணும் அந்த வழியிலேயே போய்க்கொண்டிருந்தது. தையில் ஒரு நாள் கம்பத்தில் தொங்கிய என் மழைக்கோட்டைப் பார்த்து, "ஏன் நனைஞ்சுகிட்டு நிக்கிற, உள்ள வா" என்று அதட்டினாள். கோட்டு அசையாததால் கோபித்துக்கொண்டு ஒரு மணி நேரம் என்னோடு பேசவில்லை.

பத்தொன்பதாம் தேதி பெரியாஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. மார்ச் 5, வியாழன், இடது கண் ஒப்பரேஷன். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்த நாள். விட்டால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். அதற்குள் வலது கண்ணும் போய்விடும் என்று கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள். நான் கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"இந்த வருஷம் முடியாது தம்பி. இது குதிரை வருஷம்."

"அதுக்கு?"

"நானும் குதிரை."

சீனர்களுக்குப் பன்னிரண்டு மிருகம், பன்னிரண்டு வருஷம். தான் பிறந்த மிருகத்தின் வருஷம் திரும்பி வந்தால் கொண்டாட்டம் என்று நாம் நினைப்போம். அவர்களுக்கு அது கண்டம். அந்த வருஷத்துக்குரிய சாமியின் பார்வை நேராக நம் மேல் விழுமாம். சிவப்பு உடுத்திக்கொண்டு சத்தமில்லாமல் கடத்திவிட வேண்டும். உடம்பில் கத்தி படவே கூடாது என்பது சிங்கப்பூர் வீட்டு அம்மா சொன்னது. அக்காவின் பாஸ்போட்டைப் பார்த்து, நீ குதிரை என்று சொன்னதும் அவர்தான். அதிலும் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை வரும் நெருப்புக் குதிரை, அடங்காத பெண் என்றாராம். அக்காவுக்கு அதில் பெருமைதான்.

"அடுத்த வருஷம் ஆடு. சாதுவான மிருகம். அப்ப வெட்டிக்கலாம்."

"அப்ப வெட்டுறதுக்குக் கண்ணு இருக்கணுமே அண்ணி," என்றாள் என் மனைவி.

அக்கா கையிலிருந்த கோயில் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தாள். அதுவும் சிவப்பு. அவளுக்குப் பயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் நம்பிக்கையோடு மோதுவதைவிட அவளுடைய தேதியோடு மோதுவது எனக்குச் சுலபம். தோட்டத்துத் தபால் கந்தோரில் இருபத்தாறு வருஷம் தினமும் காலையில் முத்திரையின் தேதியை மாற்றியவன் நான். அவள் பிறப்புச் சான்றிதழில் இருப்பது 29.01.1966. ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் பிள்ளை ஒரு நாள் பிறக்கும், பதிவில் இன்னொரு நாள் பிறக்கும். யாராவது பக்கத்து ரவுனுக்குப் போகும்போது பதிவுகாரரிடம் சொல்லிவிடுவார்கள். சொல்கிறவர் ஞாபகத்தில் எந்தத் தேதி இருக்கிறதோ அதுதான் பிறந்த தேதி.

பழைய பஞ்சாங்கத்தை எடுத்தேன். 1966இல் குதிரை வருஷம் பிறந்தது ஜனவரி 21, வெள்ளிக்கிழமை. சீனர்களின் வருஷம் அமாவாசையை ஒட்டித்தான் பிறக்கும். அந்த வெள்ளிக்கிழமை நமக்குத் தை அமாவாசை. அந்தப் பக்கத்தில் விரலை வைத்தபடியே அம்மா சொன்ன ஒரு வார்த்தை ஞாபகம் வந்தது: "பிள்ளை பொறந்து மூணாம் நாளு அமாவாசை. தீட்டுன்னு ஒங்கப்பா படையலே போடல. அத நெனச்சு நெனச்சு பொலம்புவாரு."

ஒவ்வொரு அமாவாசைக்கும் தன் அப்பாவுக்கு இலை போட்டுப் படைத்த மனிதர் எங்கள் அப்பா. தவறவிட்டது அந்த ஒன்றைத்தான். தை அமாவாசைக்கு முன்பே வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டது என்றால் குதிரை வருஷம் அப்போது பிறக்கவில்லை. நடந்துகொண்டிருந்தது பாம்பு வருஷம்.

மறுநாள் காலை அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"பாம்பா? நானா?" என்று எழுந்துவிட்டாள். "போடா காலண்டரு! நாலுகாலு மிருகத்த ஒரே நாள்ல நெலத்துல ஊர வச்சிட்டியே."

"சீனாக்காரங்க பாம்பச் சின்ன ட்ராகன்னு சொல்லுவாங்கக்கா. பாம்பு வருஷத்துப் பொம்பளைங்க அழகாம், புத்திசாலியாம்."

"அது சரி," என்று உட்கார்ந்தாள்.

"ஒன்னோட கண்டம் போன வருஷமே முடிஞ்சுபோச்சு. அதுதான் பாம்பு வருஷம். செவ்வாக்கெழமையோட சரி."

அக்கா கொஞ்ச நேரம் விரலை மடக்கிக்கொண்டிருந்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"அதான்! அதான் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போறப்ப வழுக்கி விழுந்தேன். கூரத்தகரம் பறந்துச்சு. கோழிக மூணு செத்துச்சு. நவம்பர் மழைக்குப் பின்னால மண்ணு சரிஞ்சுச்சு..." அந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கியது. ஆட்களைப் பலிகொண்ட அந்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் வேடிக்கையாகச் சொல்வதில்லை. பிறகு மறுபடி நிமிர்ந்தாள். "வெவரம் தெரியாமலே ஒரு கண்டத்தக் கடந்திருக்கேன் பாரு!"

நான் கொண்டுபோன ஆதாரம் ஒன்றே ஒன்று. அவள் அரை மணி நேரத்தில் பதினொன்று சேர்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை தோறும் நாகம்மா கோயிலுக்கு முட்டை வைக்கத் தனக்கு ஏன் தோன்றியது என்பதும் அதில் ஒன்று.

மார்ச் 5ஆம் தேதி சிவப்புச் சேலையில்தான் வந்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று. வார்ட்டில் நர்ஸ் நோனா படிவத்தை வைத்துக்கொண்டு பிறந்த தேதியைச் சிங்களத்தில் கேட்டார். அக்கா என் பக்கம் திரும்பி ரகசியமாகக் கேட்டாள்: "எதடா சொல்ல?" அரசாங்கத்துக்கு 29.01.1966தான் செல்லும். அதைச் சொன்னேன்.

"அப்ப இந்தம்மாவுக்கு நான் குதிரையா?"

"படிவத்துக்கு மட்டுந்தான்."

"பய வென்ன எப்பா அம்மே," பயப்படாதீர்கள் என்றார் நர்ஸ், நாங்கள் எதைப் பற்றிக் கிசுகிசுக்கிறோம் என்று தெரியாமலே. அக்கா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் அவள் முதலில் பார்த்தது என்னை. "ஐயையோ தம்பி, ஒனக்கு எப்படா இவ்வளவு நரைச்சுச்சு?" என்றாள். இரண்டாவதாக என் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், அது மாறிப் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு, குனியக்கூடாது என்று டொக்டர் சொன்ன நாட்கள் முழுவதும் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, என் மனைவி கூட்டாமல் விட்ட இலைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு அந்தக் கண்ணே பரவாயில்ல," என்றாள் என் மனைவி, அவளுக்கும் கேட்கும்படியாகவே.

இப்போது அக்கா சின்ன எழுத்தும் வாசிக்கிறாள். அதனால் இந்தக் குறிப்பேடு அலுமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. அவள் வாசிக்கக்கூடாத பக்கம் ஒன்று அதில் இருக்கிறது. மார்ச் 8 அன்று எழுதியது:

"அம்மா அந்த வார்த்தையைச் சொன்னபோது அடுப்படியில் அக்காவும் இருந்தாள், நானும் இருந்தேன். பிள்ளை என்று சொல்லி யாரைப் பார்த்தாள் என்பது நினைவில்லை. தை அமாவாசை என்று சொன்னாளா, வெறும் அமாவாசை என்றாளா, அதுவும் நிச்சயமில்லை. என் சான்றிதழில் உள்ள தேதி 19.07.1971. அந்த வருஷம் ஆடி அமாவாசை ஜூலை 22. சரியாக மூன்று நாள். 1966ஆம் ஆண்டுத் தோட்டத்து டிஸ்பென்சரிப் பிறப்புப் புத்தகம் பழைய ஸ்டோரில் இருக்கலாம் என்கிறார்கள். இன்னும் பார்க்கவில்லை. அப்பா படையல் தவறியது யாருடைய பிறப்பில் என்பதும், அக்கா பிறந்தது ஜனவரி 21க்கு முன்பா பின்பா என்பதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை."

வலது கண்ணுக்கு இன்னும் தேதி வரவில்லை. அது வரும்வரை ஸ்டோர் சாவியை நான் கேட்பதாக இல்லை.