காஸ் வரிசையைப் பார்த்த ஜன்னல்

“…பிறகு சும்மா குடுத்தாலும் ஆரும் வாங்கமாட்டினம். அதுதான் விக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்,” என்றாள் அக்கா போனில். கொட்டாஞ்சேனையில் நாங்கள் வளர்ந்த வீட்டைத்தான் சொன்னாள்.

தட்டுப்பாட்டுக் காலம் அது. காஸ் வரும் வரும் என்று, வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியில் கோத்து வைத்துவிட்டுச் சனம் காவல் நின்றது. சந்திக் கடையில் தொடங்கிய வரிசை அக்காவின் வாசலைத் தாண்டிப் போனது. எந்நேரமும் அதையே பார்த்தவளுக்குக் கொழும்பே முடிந்துவிட்டதாகப் பட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டாள். கனடாவிலிருந்த மகன் வேறு, போனில் பார்த்த வரிசைகளை அவளுக்கே திருப்பிச் சொன்னான். வெள்ளவத்தையிலிருந்த நான் மட்டும் என்ன, “விலை இன்னும் விழமுதல் குடுங்கோ” என்றவன்தானே.

முற்பணம் வாங்கும் நாளில் பஸ் பிடித்துப் போனேன். ஜன்னல் சாத்திய இருட்டு அறையில், மேசைமேல் வீட்டு உறுதிப் பத்திரம் கிடந்தது.

அந்த ஜன்னலுக்காகத்தான் அப்பா இந்த வீட்டையே வாங்கினார். “குசினி தீப்பெட்டி மாதிரி இருக்கு” என்று சமைக்கும்போதெல்லாம் அம்மா சண்டை பிடிப்பா. “சனம் போய்வாறதைப் பாரும், ஒருநாளும் தனிச்சுப்போகமாட்டம்” என்பார் அப்பா. அக்காவும் நானும் அதில் ஏறியிருந்து தெருவைப் பார்த்தே வளர்ந்தோம். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் அக்கா பட்டப்பெயர் வைப்பாள். எனக்கு வயிறு நோகச் சிரிப்பு வரும்.

வாங்க வந்தவர் புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவர். தரகரோடு உள்ளே வந்ததும், புழுங்குகிறது என்று தானே ஜன்னலைத் திறந்தார். வெளியே அதே வரிசை. அவர் முகம் மலர்ந்தது.

“ஆக்கள பாருங்களேன்!” என்றார் தரகரிடம். “இப்பிடி நடமாட்டமுள்ள இடம் எங்க கிடைக்கும்? முன்னுக்கு ரெண்டு கடை போடலாம்.”

தரகர் அவசரமாக இருமினார்.

“அப்ப, சனம் நிக்கிறது நல்லதோ தம்பி?” என்று கேட்டாள் அக்கா.

“பின்ன? ஆள் இல்லாத ரோட்டுல யாரு வீடு வாங்குவாங்க?” என்றார், ஒளிக்கத் தெரியாத அந்த மனிதர்.

அக்கா எழும்பினாள். உறுதியை எடுத்துப்போய் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். “குறை நினையாதேங்கோ தம்பி. கரண்ட் போகமுதல் கேத்தலைப் போடுறன், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

அவர்கள் போனபின், கதிரையை ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டு அமர்ந்தாள். சிலிண்டரின்மேல் குந்தியிருந்து குடை பிடித்த ஒருவரைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

“டேய், இஞ்ச வா,” என்றாள். “குடை மகாராசாவைப் பார்.”