மேஸ்ட்ரோ கேட்ட நான்கு மொனிட்டர்கள்

1. முதுகு காட்டிய கூட்டம்

ஒஸ்லோவில் ஒரு ஓப்பரா அரங்கில் நான் இன்ஸ்பிசியென்ட். மேடைப் பக்கவாட்டில் இருந்துகொண்டு விளக்குக்காரருக்கும் திரைக்காரருக்கும் பாடகருக்கும் 'இப்ப', 'இப்ப' என்று சொல்லும் வேலை. எத்தனையோ வருடம் பார்த்துவிட்டேன். ஆனாலும் மவுரோவின் கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மவுரோ இத்தாலியிலிருந்து வந்த எங்கள் மேஸ்ட்ரோ. இசைக்குழுவை நடத்துபவர். அந்த முறை நாடக இயக்குநர் கோரஸ் முழுவதையும் சபைக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார். அப்படி நின்றால் மேஸ்ட்ரோவின் கை தெரியாது. அதற்குத்தான் மேடையில் மொனிட்டர் என்ற நான்கு சின்னத் திரைகளை வைப்பது. அதில் அவர் கையைப் பார்த்துத் தாளம் பிடிப்பார்கள். "காட்சியின்ரை வடிவைக் கெடுக்குது" என்று இயக்குநர் நான்கையும் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள்.

அடுத்த ஒத்திகையில் இசைக்குழு முன்னே ஓட, கோரஸ் பின்னால் இழுபட்டது. காதால் கேட்டுப் பாடினால் எப்போதும் பிந்தத்தான் செய்யும். மேஸ்ட்ரோ கையிலிருந்த கோலை எறிந்துவிட்டுக் கத்தினார்.

"கண்ணைக் கட்டிப்போட்டு ஓடு எண்டா எப்பிடி ஓடுறது? மொனிட்டரைத் திருப்பி வையுங்கோ!"

அவர் பேசியது பாதி ஆங்கிலம், பாதி நோர்வேஜியம். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

கோரஸ்காரர் தலையைக் குனிந்துகொண்டார்கள். இடைவேளையில் என்னிடம் வந்து "அவர் சொல்லுறது சரிதான்" என்று முணுமுணுத்தார்கள். அவரிடமோ நிர்வாகத்திடமோ ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

2. கூட்டம்

இந்த ஊரில் எதற்கும் ஒரு கூட்டம். கோப்பி வைத்தார்கள், வாஃபிள் வைத்தார்கள். நிர்வாகி இங்கர் சிரித்த முகத்தோடு தொடங்கினாள்.

"உங்கடை கவலை எங்களுக்கு விளங்குது, மவுரோ. ஆனா இஞ்சை நாங்கள் கத்துறேல்லை."

"நான் கத்தினது கிடக்கட்டும். மொனிட்டர்?"

"முதல்லை நீங்கள் கதைக்கிற விதத்தைப் பற்றிக் கதைப்பம்."

நான் இடையில் புகுந்தேன். "கோரஸுக்கு அவரின்ரை கை தெரியேல்லை. நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறன்."

"நல்ல கருத்து. நன்றி, வாணி" என்றாள் இங்கர். அதோடு என் கருத்து முடிந்தது. மிச்ச நேரமெல்லாம் அந்த மனிதனின் குரலைப் பற்றியே கதைத்தார்கள்.

முதல் காட்சிக்கு முன்பே அவர் போய்விட்டார். இரு தரப்பும் சேர்ந்து எடுத்த முடிவாம். பொய்! தன் அறையைக் காலி செய்யும்போது அவர் என்னிடம் சொன்னார்:

"எங்கடை ஊரிலை நாள் முழுக்கச் சண்டை பிடிப்பம், வாணி. பிறகு ஒண்டாப் போய்ச் சாப்பிடுவம். இஞ்சை சண்டையே இல்லை. ஆளை மட்டும் காணேல்லை."

3. பிறகு வந்தவர்

அவர் இடத்துக்கு ஒரு நோர்வேக்காரர் வந்தார். நல்ல மனிதர், அவரில் பிழை சொல்ல மாட்டேன். முதல் நாளே மெதுவாகக் கேட்டார்: "இயலுமெண்டால் அந்த மொனிட்டருகளைத் திருப்பி வைக்கலாமோ?"

"ஓம், அதுக்கென்ன?" என்றாள் இங்கர். நான்கும் அன்றைக்கே வந்துவிட்டன. கோரஸ் தாளத்தில் வந்து நின்றது. எல்லோரும் புதியவரைப் புகழ்ந்தார்கள்.

நேரே இங்கரின் அறைக்குப் போனேன். "இதைத்தானே மவுரோவும் கேட்டவர்?" என்றேன்.

"வாணி, கொஞ்சம் அமைதியாக் கதைப்பமே?"

அதுவரை நான் குரலை உயர்த்தவே இல்லை. அதன் பிறகுதான் உயர்த்தினேன்.

வீட்டில் என் கணவர் பயந்துபோனார். "அந்தாள் கத்தித்தானே போனவர். நீரும் ஏன் கத்தினனீர்? இனி உமக்கும் கூட்டம் வைப்பாங்கள்."

வைத்தார்கள். என் குரலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியபோது, "மவுரோ கேட்டது சரியோ, பிழையோ?" என்றேன். பதில் சொல்லாமல் சுற்றி வளைத்தார்கள். திரும்பத் திரும்ப அதையே கேட்டேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யாராவது உங்களை அமைதியாகக் கதைக்கச் சொன்னால், கதைக்கலாம், ஆனால் நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் சரியானதைக் கேட்டுக் கத்தும்போது, இடைவேளை வரை காத்திராமல் அங்கேயே 'ஓம், அவர் சொல்லுறது சரி' என்று சொல்லுங்கள்.

அந்தக் கூட்டத்தின் கடைசியில் இங்கர், "அவர் கேட்டது சரிதான்" என்றாள். மிகவும் அமைதியாகச் சொன்னாள். மவுரோ அப்போது நோர்வேயிலேயே இல்லை.