அம்மா பூட்டிய வண்டி

அந்தக் கார்த்திகை மாதத்தில் என் சித்தியால் ஒரு வாய்த் தண்ணீரைக்கூட வயிற்றில் நிறுத்த முடியவில்லை. குடித்த வேகத்திலேயே அது திரும்பி வந்தது. சோறு கொதிக்கிற வாசம் பட்டால் வாந்தி. யாராவது தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் போனால் வாந்தி. சித்தப்பா பீடி குடித்துவிட்டு வந்து நின்றால் கேட்கவே வேண்டாம். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது பச்சையாகப் பித்தம் வந்தது. அதுவும் தீர்ந்தபிறகு வெறும் சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்துக்குத்தான் நான் பயந்தேன்.

இலுப்பூரிலிருந்து விராலிமலை போகிற ரோட்டை விட்டு ஒரு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தும் எங்கள் ஊர்க்காரர்கள் பேச்சில் ராஜா இன்னும் ஆண்டுகொண்டுதான் இருந்தார். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ராஜா என் அப்பா. மூத்தவர் அவர். இளையவரான சித்தப்பா, அண்ணன் எங்கே நின்றாலும் அவர் முதுகுக்குப் பின்னால் நிற்பதே தன் இடம் என்று இருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மாவும் சித்தியும் ஒரே வீட்டில் இருந்தார்களே தவிர, ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. ஓர் ஆட்டுக்குட்டி யாருடையது என்பதில் ஆரம்பித்த மனத்தாங்கல், ஆட்டை விற்ற பிறகும் தீராமல் நின்றது. அதனால் பேச்சு முழுவதும் என் வழியாகத்தான் நடக்கும். “குழம்புக்கு உப்புப் போட்டாச்சான்னு ஒங்க சித்தியைக் கேளு” என்பாள் அம்மா. சித்தி கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்பாள். “போட்டாச்சுன்னு சொல்லு” என்பாள். இரண்டையும் நான் வாயால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இருவரும் காது கேட்காதவர்களைப்போல நின்றுகொண்டிருப்பார்கள்.

முந்தின வருஷமும் சித்திக்கு இப்படித்தான் வாந்தி வந்தது. எல்லாப் பொம்பளையும் எடுக்கிற வாந்திதானே என்று விட்டுவிட்டார்கள். நாலாம் மாதத்தில் ஒருநாள் என்னைப் பக்கத்து வீட்டுக்கு விளையாட அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் அவள் களையெடுக்கப் போய்விட்டாள்.

இந்த முறை வாந்தி தொடங்கியதுமே அம்மா யாரையும் கேட்காமல் அடுப்பைக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, “உள்ள ஒரே பொகையா இருக்கு” என்றாள். அந்தப் புகையில்தான் அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சமைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் காலையில் சித்தியால் எழுந்திருக்க முடியவில்லை. கண் உள்ளே போயிருந்தது. உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. குனிந்து கூப்பிட்டபோது அவள் மூச்சில் அழுகின பழத்தின் வாசம் அடித்தது. சேலையில் ரத்தக்கறை இருந்தது. நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வந்து பார்த்தாள். நேராக வாசலில் நின்ற அப்பாவிடம் போனாள்.

“வண்டி வேணும். புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்.”

“பிடுங்குன கடலை காட்டுல கெடக்கு. மழை விழுந்தா அம்புட்டும் மொளைச்சிரும். ரெண்டு நாள் போகட்டும்.”

“ரெண்டு நாள் தாங்க மாட்டா.”

“ஊர்ல வேற எவளும் புள்ள உண்டாகலையா? பொம்பளைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்வா” என்று சொல்லிவிட்டு அப்பா காட்டுக்குக் கிளம்பினார். சித்தப்பா அண்ணனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், பிறகு அவர் பின்னாலேயே போனார்.

அவர்கள் தெரு திரும்பியதும் அம்மா கொட்டிலுக்குப் போனாள். மாடு இரண்டையும் அவிழ்த்தாள், வண்டியில் பூட்டினாள், வைக்கோலை அள்ளிப் பரப்பினாள். பொம்பளை வண்டி பூட்டி எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை. பிறகு உள்ளே வந்து, “எந்திரிடி, போவோம்” என்றாள்.

சித்தி என்னைப் பார்த்தாள், வழக்கம்போல நான் திருப்பிச் சொல்லுவேன் என்று.

“அவளை என்ன பாக்குற? ஒன்கிட்டதான் சொல்றேன்” என்று அம்மா அவளை இரண்டு கையாலும் தூக்கினாள். சித்தி கனமே இல்லாமல் இருந்தாள்.

வண்டிக்குள் நான் சித்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். தெருவில் வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள். “என்ன ஆத்தா, ஆம்பளைங்க இல்லையா?” என்று ஒருவர் கேட்டார். “இருக்காங்க” என்றாள் அம்மா.

கடலைக்காட்டை ஒட்டித்தான் பாதை. எங்களைப் பார்த்ததும் அப்பா வரப்பில் ஓடிவந்து மாட்டை அதட்டினார். அந்தக் குரலுக்குப் பழகிய மாடுகள் சட்டென்று நின்றுவிட்டன. அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. தார்க்கம்பை ஓங்கி, “நடங்கடா!” என்று ஒரு கத்தல் கத்தினாள். அப்படி ஒரு சத்தம் அவளுக்குள் இருப்பது எனக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. வண்டி பறந்தது.

ரோட்டில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் சித்தியைப் பார்த்துவிட்டு, “வாந்தி எடுக்குற கேஸை ஏத்த முடியாதும்மா. சீட்டெல்லாம் நாறிப்போகும்” என்றார். அம்மா வாதாடவில்லை. வண்டியை ஓட்டிப்போய் பஸ்ஸுக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

“அவளை ஏத்துனா வண்டியை எடுக்குறேன். இல்லாட்டி எல்லாரும் இங்கிட்டே கெடப்போம் தம்பி.”

டிரைவர் ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு கண்டக்டர் பக்கம் திரும்பினார். “ஏத்துய்யா” என்றார்.

சித்தியை ஏற்றியபின் அம்மா வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பி, மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். மாடுகள் தாமாகவே வீட்டுக்குப் போயின. ஆளில்லாத வண்டி காட்டைத் தாண்டிப் போனதைப் பார்த்து அப்பா என்ன நினைத்தார் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சித்தியின் கைத்தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது. “இவ்வளவு நாள் வீட்டுல வச்சு என்ன பண்ணினீங்க? தாய் பிழைச்சாத்தான் மத்தது. குழந்தைக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்” என்றார். ஒரு கண்ணாடிப் பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டு அதிலிருந்த குளுக்கோஸைக் கை வழியாக ஏற்றினார்கள். வாய் வழியாகக் குடித்தால்தானே வாய் வழியாக வரும், என்ன கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு ஒரே வியப்பு.

அடுத்த நாள் அப்பா வந்தார். சித்தப்பா பின்னால் வந்தார். வீட்டில் இரண்டு பேரும் அவர்களாகவே சமைத்திருக்கவேண்டும், சித்தப்பாவின் விரலில் சுட்ட கொப்புளம் இருந்தது.

“ஊரே சிரிக்குது. கிளம்பு. ஆஸ்பத்திரிக்காரங்க பாத்துக்குவாங்க” என்றார் அப்பா.

“அவ எந்திரிச்சு நடந்து வாரன்னைக்கு நானும் வாரேன்.”

“நான் சொல்றேன்ல?”

அப்போது கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. சித்தி அதுவரை அப்பாவோடு நேருக்கு நேர் பேசியதே இல்லை. புருஷனுடைய அண்ணனைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒதுங்குவதுதான் வழக்கம். அவள் ஒரு கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தாள்.

“எம்புள்ள தங்குனாலும் சரி, தங்காட்டியும் சரி, எங்கக்கா இங்கதான் இருக்கும். நீங்க போங்க மாமா.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். விறுவிறுவென்று வெளியே போனார். சித்தப்பா அவர் பின்னால் வாசல்வரை போனார். அங்கே நின்றார். பிறகு திரும்பி வந்து சித்தியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அண்ணன் போன பக்கம் போகாமல் அவர் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ரத்தம் நின்றது. வாந்தி அடியோடு நிற்கவில்லை. ஊருக்கு வந்தபிறகும், பிரசவம்வரைக்கும் அது சித்தியை விடவில்லை. மூன்று தரம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது. ஒவ்வொரு தரமும் சித்தப்பாவே வண்டி பூட்டினார், யாரும் தடுக்கவில்லை. வைகாசியில் பெண் குழந்தை பிறந்தது. எலிக்குஞ்சு மாதிரி இருந்துகொண்டு ஊருக்கே கேட்க அழுதது.

அந்த ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றை மட்டும் நான் வெகுநாள் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். முதல் தடவை ஊருக்குக் கிளம்பிய அன்று டாக்டரம்மா அம்மாவிடம், “உனக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டார்.

“மூணு” என்றாள் அம்மா.

நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். “நான் ஒருத்திதானேம்மா?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தபடி, முன்னைவிடச் சத்தமாக, “மூணு” என்றாள். டாக்டரம்மா அவள் தோளில் கையை வைத்தார்.

அப்பாவையே எதிர்த்து வண்டி பூட்டியவளுக்கு, வெள்ளைக்கோட்டைப் பார்த்த பயத்தில் பெற்ற பிள்ளைக் கணக்கு மறந்துவிட்டது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். சித்தியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை, என் வாயைப் பொத்தினாள். எனக்கு முன்னால் இரண்டு பேர் அம்மாவின் வயிற்றில் வந்து தங்காமல் போனார்கள் என்பதும், அந்த இரண்டு தடவையும் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக அந்த வீட்டில் ஒருவரும் இல்லை என்பதும் எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் இருந்தது.