ரேஸுக்குப் பிறகு கதைக்கலாம்

எனக்கு ஒன்பது வயதாயிருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் பேச்சு. அதைச் சொன்னவர் சித்தப்பாவின் கபீல். "ரேஸ் முடியட்டும், கலாஸ், பிறகு கதைக்கலாம்" என்பதுதான் அந்த வாக்கியம். கலாஸ் என்றால் அரபில் அவ்வளவுதான் என்று அர்த்தம். வாக்கியத்தைக் கேட்டால் பச்சைத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும். ஆனால் வளைகுடா நாடொன்றில், குதைபியா என்ற இடத்தில் இருந்த எங்கள் இரண்டு அறை வீட்டுக்குள் வந்ததும் அது கலங்கிப் போய்விட்டது. பெரியவர்களுக்கு எல்லாம் விளங்கும் என்று நான் மனதார நம்பிய கடைசி வாரமும் அதுதான்.

கபீல் என்றால் அந்த நாட்டில் நமக்குப் பொறுப்பு நிற்கிற முதலாளி. அவர் இல்லாமல் நாம் அங்கே இருக்க முடியாது. சித்தப்பாவின் கபீலுக்குக் கார் திருத்தும் கராஜ் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் முதல் சித்தப்பா அங்கேதான் மெக்கானிக். லீவில் ஊருக்குப் போய்க் கலியாணம் செய்துகொண்டு, கலியாண மாலை வாடுமுன்பே திரும்பி வந்தவர். பிறகு ஊரில் பிள்ளை பிறந்தது. எங்கள் ஹோலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் சித்தப்பா ஒவ்வொரு பின்னேரமும் வீடியோ கோலில் அந்தப் பிள்ளைக்கு முகம் காட்டுவார். அது சித்தப்பாவைப் பார்க்காமல் ஃபோனைப் பிடித்து வாயில் வைக்கப் பார்க்கும். "என்னைத் தின்னப் பாக்கிறாள்" என்று சித்தப்பா சிரிப்பார். சித்தியையும் பிள்ளையையும் கூப்பிடக் குடும்ப விசா வேண்டும். அதற்குக் கபீல் மனம் வைக்க வேண்டும். சித்தப்பா பயந்து பயந்து கேட்டதற்குக் கிடைத்த பதில்தான் அந்த வாக்கியம்.

சித்தப்பா ரேஸ் ஓடியது தனிக் கதை. வீதியில் ஓடுகிற சாதாரணக் கார்களையே வாங்கி, உள்ளே இருக்கிற சீட்டு, விரிப்பு எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, எஞ்சினை முறுக்கேற்றி ஓடுகிற பந்தயம் அது. குளிர்காலம் முழுக்க, சாகிர் பாலைவனத்து மைதானத்தில், ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை நடக்கும். கபீலின் மகன் ஒரு பச்சைக் காரில் ஓடினார். கராஜின் இரண்டாவது காரான வெள்ளைக் காருக்கு ஒழுங்கு செய்திருந்த ஆள் கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டான். "திருத்துகிறவனுக்கு ஓட்டவும் தெரியும்தானே, யல்லா, ஏறு" என்று கபீல் சித்தப்பாவை ஏற்றிவிட்டார். வெறுமனே ஒரு கார் கூடுதலாக ஓடட்டும் என்றுதான் ஏற்றியிருக்க வேண்டும். யாரும் எதிர்பார்க்காத விதமாகச் சித்தப்பா நன்றாக ஓடத் தொடங்கிவிட்டார்.

எனக்கு முதல் குழப்பம் இங்கேதான். சித்தப்பா ஒரு பந்தயத்தில்கூட முதலாவதாக வரவில்லை. ஆனால் வருஷக் கோப்பைக்கான புள்ளிகளில் சித்தப்பாதான் முதலாவது. அதெப்படி என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா பேரீச்சம்பழக் கொட்டைகளை மேசையில் பரப்பி விளக்கினார். கபீலின் மகன் ஓடினால் முதலாவது, இல்லையென்றால் காரை உடைத்துக்கொண்டு நடுவழியில் நிற்பார். சித்தப்பா காரை உடைக்காமல் ஒவ்வொரு தரமும் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கொண்டுவந்து சேர்ப்பார். இப்போது கடைசிப் பந்தயம். இரண்டு பேரில் யார் மற்றவருக்கு முன்னால் வருகிறாரோ அவருக்குத்தான் கோப்பை. "விளங்கிச்சுதோ?" என்றார் அப்பா. ஓம் என்றேன். முதலாவதாக வராத ஒருவர் எப்படி முதலாவதாக இருக்கலாம் என்பது கொட்டைகளை எண்ணி எண்ணிப் பார்த்தும் விளங்கவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் என் சித்தப்பா சாம்பியன் ஆகப் போகிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அப்பா அந்த வாக்கியத்துக்கு உரை சொல்லத் தொடங்கியது திங்கட்கிழமை.

"ஏன் இப்ப சொல்லாமல் ரேஸுக்குப் பிறகு எண்டு சொன்னவர்? யோசிச்சுப் பார். ரேஸில என்ன நடக்குதெண்டு பாக்கப் போறார். தன்ர மகனைத் தோற்கடிச்சவனுக்கு எந்தத் தேப்பனாவது விசா எடுத்துக் குடுப்பானோ? நீ பேசாமல் மகனுக்குப் பின்னால வா."

சித்தப்பா பாண் துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கட்டடத்தின் கீழே கோல்ட் ஸ்டோர் என்கிற மளிகைக் கடை வைத்திருந்தவர் காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்களாம். அப்பா உட்பட எல்லோருக்கும் அவர் காக்காதான். அரபுகளோடு முப்பது வருஷம் பழகியவர் என்பதால், முட்டை வாங்கப் போன சாக்கில் அப்பா அவரிடமும் வழக்கைக் கொண்டுபோனார். காக்கா கல்லாவில் கையை ஊன்றி எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி பேசுறிய? அரபிக்கு ஜெயிக்கிற ஆளத்தான் புடிக்கும். விட்டுக் குடுத்தான்னு தெரிஞ்சா மூஞ்சியிலேயே முழிக்க மாட்டாரு. ஓட்டச் சொல்லுங்க, நல்லா ஓட்டச் சொல்லுங்க!"

அப்பா முட்டையை மறந்துவிட்டு வந்தார். பிறகு சித்தப்பாவின் கராஜில் வேலை செய்த பாகிஸ்தான்கார பாய் ஒருவர் ஒரு விளக்கம் சொன்னார். அப்பாவின் ஒஃபிசில் ஒரு மலையாளி சேட்டன் வேறொரு விளக்கம் சொன்னார். கபீல் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது சிரித்தாரா, கையில் தேநீர்க் கிளாஸ் இருந்ததா, சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தாரா, டயரைப் பார்த்தாரா என்றெல்லாம் அப்பா துருவித் துருவிக் கேட்டார். டயரைத்தான் பார்த்தார் என்று சித்தப்பா சொன்னதும் அப்பாவின் முகம் இருண்டது. டயரைப் பார்த்தால் என்ன கெடுதி என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஏதோ பெரிய கெடுதி என்று நினைத்து நானும் கவலைப்பட்டேன்.

அம்மா மட்டும் இதில் சேரவில்லை. ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வேலை முடித்துக் களைத்து வருபவர் அவர். வியாழக்கிழமை, வெங்காயம் வெட்டிக்கொண்டே ஒரே ஒரு தரம் சொன்னார்.

"ரேஸுக்குப் பிறகு கதைப்பம் எண்டால், ரேஸுக்குப் பிறகு கதைப்பம் எண்டுதான் அர்த்தம். இதுக்கேன் இவ்வளவு ஆராய்ச்சி?"

அப்பா சிரித்தார். "உமக்கு உவையளின்ர போக்குத் தெரியாது" என்றார். அம்மாவும் அந்த ஊரில் அரபு முதலாளியிடம்தான் வேலை பார்த்தார் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

அன்று பின்னேரம் சித்தப்பா என்னைக் குர்ஆன் வகுப்புப் பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜூஸ் கடைக்குக் கூட்டிப்போனார். அவகாடோ ஜூஸை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"சித்தப்பா, நீங்கள் நாளைக்கு வெல்லுவீங்கள்தானே?"

"வெல்லலாம் பிள்ளை."

"வெல்ல விருப்பமோ?"

சித்தப்பா ஸ்ட்ரோவால் ஜூஸைக் கலக்கினார். "வாழ்க்கையில ஒரு தரமாவது முதலாவதாய் வரவேணும் எண்டு ஆருக்குத்தான் விருப்பமிராது" என்றார். பிறகு, "உன்ர சித்திக்கு இந்த ஜூஸ் நல்லாப் பிடிக்கும்" என்றார். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பேசுகிறாரே என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நல்ல வெயில், மெல்லிய குளிர்காற்று. சித்தப்பாவின் கார் நம்பரை எழுதிய அட்டை ஒன்றை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் காக்காவும் வந்திருந்தார். அப்பா ஒரு பக்கம், காக்கா மறுபக்கம், நடுவில் அம்மாவும் நானும். கொடி விழுந்தது. சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது. முதல் சுற்று முடிந்து வரும்போது பச்சைக் கார் எல்லோருக்கும் முன்னால், வெள்ளைக் கார் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால். சுற்று மேல் சுற்றாக அதே மாதிரி. காக்கா, "போ, போ, போ" என்று தொடையில் அடித்தார். அப்பா, "அப்பிடியே இரு, அப்பிடியே இரு" என்று முணுமுணுத்தார். இருவருமே சித்தப்பாவின் நன்மைக்குத்தான் அப்படிச் சொன்னார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய சிக்கலாக இருந்தது.

கடைசிச் சுற்று தொடங்கும்போது, எங்களுக்கு நேர் எதிரே இருந்த வளைவில், வெள்ளைக் கார் உள்பக்கமாக நுழைந்தது. பச்சைக் கார் வளைவின் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் விலகிப் போனது. அவ்வளவுதான், சித்தப்பா முன்னால் வந்துவிட்டார். எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம்: தோற்கத் தீர்மானித்துவிட்டுப் போன ஒருவர் ஏன் முந்தினார்? முந்த இடம் கிடைத்ததும் கையும் காலும் தங்கள் பாட்டில் வேலை செய்துவிட்டன என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். நான் கதிரையில் ஏறி நின்று கத்தினேன். காக்கா என்னைத் தூக்கியே விட்டார். அப்பா இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கார்கள் மைதானத்தின் மறுகோடிக்குப் போய்த் திரும்பி, கடைசி நேர்ப் பாதைக்கு வந்தன. வெள்ளைக் கார் முன்னால், நல்ல இடைவெளி. முடிவுக் கோடு கண்ணுக்கு எதிரே. அப்போது வெள்ளைக் காரின் வேகம் குறைந்தது. புகை இல்லை, சத்தம் மாறவில்லை. ஊர் வீதியில் ஆட்டோவுக்கு வழிவிடுகிற மாதிரி மரியாதையாக ஒதுங்கியது. பச்சைக் கார் பக்கத்தில் வந்தது. தாண்டிப் போகும் என்று பார்த்தால் அதுவும் வேகத்தைக் குறைத்தது. கலியாண வீட்டு வாசலில் இரண்டு பேர் "நீங்கள் போங்கோ, இல்லை நீங்கள் போங்கோ" என்று நிற்பார்களே, அப்படி இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கமாக ஊர்ந்தன. பின்னால் வந்த ஒரு சிவப்புக் கார் இரண்டையும் தாண்டிப் போய்ப் பந்தயத்தை வென்றுவிட்டது. சித்தப்பா இன்னும் மெதுவாக்கினார். வேறு வழியில்லாமல் பச்சைக் கார் முதலில் கோட்டைக் கடந்தது. வெள்ளைக் கார் பின்னால் வந்தது.

அரங்கில் யாருக்கும் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. "என்ன நடந்தது?" என்று நான் கேட்டேன். "எஞ்சின் கோளாறாயிருக்கும்" என்றார் அப்பா. காக்கா அப்பாவைப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

கார்கள் நிற்கும் கொட்டகைக்கு இறங்கிப் போனோம். அங்கே எல்லா முகங்களும் இடம் மாறிக் கிடந்தன. கோப்பை வென்ற கபீலின் மகன் அழுகிறவர் மாதிரிச் சிவந்துபோய் நின்றார். தோற்ற சித்தப்பா சிரித்துக்கொண்டிருந்தார். தோற்கச் சொன்ன அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் பெரிய கோப்பையைக் கொண்டுவந்து வெள்ளைக் காரின் பொனட்டின் மேல் வைத்தார். "மாஃபி ரேஸ்" என்றார். இது ரேஸே இல்லை என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு, கழற்றி வைத்த ஹெல்மெட்டையும் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டார்.

கபீல் வெள்ளை அங்கியில் மெதுவாக நடந்து வந்தார். சித்தப்பாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார். அவர்கள் இருவரும் பேசியது வளைகுடா ஹிந்தி. பாதி அரபு, பாதி ஆங்கிலம், ஹிந்திக்கு இடமே இராது. பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படித்ததால் எனக்கு விளங்கியது.

"எஞ்சின் ப்ராப்ளம், அர்பாப்" என்றார் சித்தப்பா. முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்.

கபீல் காருக்குள் கையை விட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு நிறுத்தினார். கராஜ்காரரிடம் போய் எஞ்சினைப் பற்றிப் பொய் சொல்லலாமா என்று சித்தப்பா யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"இந்த எஞ்சின் நன்றாக இருக்கிறது" என்றார் கபீல். கொஞ்ச நேரம் சித்தப்பாவையே பார்த்தார். கோபமா கவலையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு சொன்னார்: "உன் மனைவியின் விசா வியாழக்கிழமையே வந்துவிட்டது. பிள்ளையினதும்தான். காரில் இருக்கும்போது உன் தலை வேறெங்கேயும் போகக் கூடாது என்றுதான் ரேஸுக்குப் பிறகு கதைக்கலாம் என்றேன். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்."

அவர் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்த் தரையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனார். சித்தப்பா அங்கே அடுக்கியிருந்த டயர்களின் மேல் உட்கார்ந்தார். முகத்தைக் கையுறைக்குள் புதைத்துக்கொண்டார். அப்பா, "தம்பி" என்றார். அம்மா அப்பாவைப் பார்க்கவே இல்லை. நேரே போய்ச் சித்தப்பாவின் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேனே என்று அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகு ஒருநாளும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் சித்தி வந்தார். பிள்ளை விமான நிலையத்தில் சித்தப்பாவின் மூக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு வீரிட்டு அழுதது. அடுத்த குளிர்காலத்தில் கபீல் மறுபடி ஏறச் சொன்னார். சித்தப்பா போகவில்லை. திருத்துகிறேன், ஓட்டவில்லை என்றுவிட்டார். கோப்பை இன்றைக்கும் கராஜில்தான் இருக்கிறது, மகனும் அதை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று அந்தக் கொட்டகையில் எனக்கு இவை ஒன்றும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: விசா வந்துவிட்டது. நான் சித்தப்பாவின் கையுறையைப் பிடித்து இழுத்தேன்.

"சித்தப்பா, சித்தி வரப்போறாதானே? பிறகேன் அழுறியள்?"

"சந்தோஷத்தில பிள்ளை" என்றார்.

நான் நம்பினேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் காரின் பின்சீட்டில் இருந்து "சித்தி வாறா, சித்தி வாறா" என்று கை தட்டிக்கொண்டே வந்தேன். மற்றவர்கள் ஏன் என்னோடு சேர்ந்து தட்டவில்லை என்றுதான் விளங்கவேயில்லை.